தீம் பார்க்கில் ஒரு குத்துவிளக்கு

என் அம்மா எட்டு மாதமாகக் காலையில் என் எதிரே வரவில்லை. நாங்கள் இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். பினாங்கு ஜெலுத்தோங்கில் ஐந்தாம் மாடி பிளாட், இரண்டு அறை, ஒரு கூடம். அந்த இடத்தில் ஒருவர் எதிரே ஒருவர் வராமல் இருக்க வேண்டுமென்றால் அதற்கென்று மெனக்கெட வேண்டும். அம்மா தினமும் மெனக்கெட்டாள்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. மாக் மண்டினில் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. பாக்டரி பஸ் விடிவதற்கு முன்பே பிளாட்டின் கீழே வந்து ஹார்ன் அடிக்கும். அப்பா இருந்தவரை அம்மாதான் சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுப்பாள், வாசல் கிரில்லைத் திறந்துவிடுவாள், நான் படியிறங்கி மறையும்வரை நிற்பாள். அப்பா போன பிறகு டப்பா மட்டும் மேசைமேல் இருக்கும். அம்மா பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பாள். நான் வெளியே போய்க் கிரில்லைப் பூட்டுகிற சத்தம் கேட்ட பிறகுதான் கதவைத் திறப்பாள். வேலைக்குக் கிளம்புகிற பிள்ளையின் எதிரே தாலியறுத்தவள் வந்தால் போகிற காரியம் விளங்காது என்று அத்தை சொல்லியிருந்தார். பெற்ற பிள்ளைக்குப் பெற்றவளே அபசகுனம். இதை எழுதும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அதே பிளாட்டில் இரண்டாம் மாடி. அப்பா லாரிப் பட்டறையில் மெக்கானிக். மாசி மாதம் ஒரு மத்தியானம் லாரிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். அம்மாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அத்தை சட்டம் போட ஆரம்பித்தார். பொட்டு கூடாது, கலர் சேலை கூடாது, கல்யாண வீட்டுக்குப் போகக்கூடாது, போனாலும் முன்வரிசையில் உட்காரக்கூடாது. அத்தை கெட்டவர் இல்லை. காரியத்துக்கு வந்த எல்லாருக்கும் சமைத்துப் போட்டதும் அவர்தான். ஆனால் நல்லவர்கள் செய்கிற அநியாயத்தை எதிர்க்க வாய் வராது, அதுதான் எனக்கு ஆத்திரம்.

அம்மா ஜெலுத்தோங் பாசாரில் மீன்காரச் சீனரோடு மலாயும் ஹொக்கியனும் கலந்து சண்டை போட்டு மீன் வாங்குகிறவள். அந்த அம்மா பாசாருக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனால் அந்த மீன்காரர் என் தலைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார், அம்மா வருகிறாளா என்று. எனக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. வருஷம் திரும்புவதற்குள் அம்மாவை அந்தப் பின்னறையிலிருந்து வெளியே கொண்டுவராவிட்டால் பிறகு அவளே வரமாட்டாள். சாத்தச் சொன்னது அத்தை என்றாலும் தினமும் கதவைச் சாத்துகிற கை அம்மாவுடையது. அதற்கு அது பழகிவிடும்.

தீபாவளி வந்தது. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் தீபாவளி கிடையாது. எண்ணெய்க் குளியல் இல்லை, பலகாரம் சுடுவதில்லை, புதுத்துணி இல்லை. அதற்காக வருகிறவர்கள் வராமல் இருப்பார்களா? எங்கள் ஊரில் தீபாவளி என்றால் எல்லார் வீடும் ஓப்பன் ஹவுஸ், யாரும் அழைக்காமலே வரலாம். நம் வீட்டில் கொண்டாட்டம் இல்லையென்று தெரிந்தவர்களும் முறுக்கு டப்பாவோடு வந்து நின்று, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முழிப்பார்கள். அத்தை எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அவர்களை வரவேற்பார். அம்மா பின்னறையில் இருப்பாள்.

அப்போதுதான் தொழிற்சாலைக் கண்டீனில் ஒரு விளம்பரத் தாளைப் பார்த்தேன். தெற்கே நெடுஞ்சாலையில் சில மணி நேரத் தூரத்தில் புதிதாக ஒரு தீம் பார்க். பினாங்கிலிருந்து பஸ், சாப்பாடு, உள்ளே சுற்றிக்காட்ட கைடு, எல்லாம் சேர்த்து விடுமுறைக்கால டூர். புறப்படுகிற நாள் சரியாகத் தீபாவளி அன்று. தாளில் ராட்சத ரோலர் கோஸ்டரும் சிரிக்கிற பெங்குவினும்தான் இருந்தன. விடுமுறை என்றால் பள்ளி விடுமுறை என்றுதான் நான் நினைத்தேன். தீபாவளியிலிருந்து தப்பிப்பதற்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது என்று நினைத்து, கேட்காமல் கொள்ளாமல் இரண்டு டிக்கெட் எடுத்தேன்.

அம்மா வரமாட்டேன் என்றாள். நான் தனியாகப் போகிறேன் என்றேன். வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்ப மனம் வராது என்று எனக்குத் தெரியும். அத்தை காதுக்கு விஷயம் போனதும் மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்க வாங்கத் திட்டினார். துக்க வீட்டுக்காரி ஊர் சுற்றினால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்றார். தம்பியின் ஆத்மா என்ன பாடுபடும் என்றார். எல்லாம் பேசி முடித்து, ஒரு டம்ளர் தேத்தண்ணி குடித்துவிட்டு, தனக்கும் ஒரு டிக்கெட் எடுக்கச் சொன்னார். நம் பக்கத்து மனுஷி ஒருத்தி கூட இருந்தால்தான் மரியாதையாம். ரோலர் கோஸ்டர் படத்தை அவர் கண் எத்தனை முறை போய்ப் பார்த்தது என்பதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பஸ் நிறையக் குடும்பங்கள். பாதிக்குமேல் சீனர்கள், கொஞ்சம் மலாய்க்காரர்கள், பட்டர்வொர்த்தில் ஏறிய நாலைந்து தமிழ்ப் பெண்கள். அம்மா சாம்பல் நிறச் சேலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஈப்போ பக்கம் சுண்ணாம்பு மலைகள் வந்தபோது, கல்யாணமான புதிதில் அப்பா லாரியில் தன்னை இந்த வழியாகக் கூட்டிப்போனதாகச் சொன்னாள். எட்டு மாதத்தில் அப்பாவைப் பற்றி அழாமல் பேசியது அதுதான் முதல் தடவை. டிக்கெட் எடுத்தது வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பார்க் வாசலில் இறங்கியதும் என் தலையில் இடி விழுந்தது. நுழைவாயில் முழுக்கப் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம். தரையில் கலர் அரிசியில் பஸ் அகலத்துக்குக் கோலம், யாரும் மிதிக்காமல் இருக்கச் சுற்றிலும் கயிறு. ஒலிபெருக்கியில் நாதஸ்வரம், அதிலும் தாலிகட்டும்போது வாசிக்கிற கெட்டிமேளம். பேய் வீட்டுக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் அந்தக் கெட்டிமேளத்துக்குக் குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் எந்தத் தீபாவளியிலிருந்து அம்மாவை ஒளித்துக்கொண்டு வந்தேனோ அதன் வாயிலேயே கொண்டுபோய்ப் போட்டிருந்தேன். விடுமுறைக்கால டூர் என்றால் தீபாவளி டூராம். ஒரு விளக்குப் படத்தையாவது அந்தத் தாளில் போட்டிருக்கலாம் இல்லையா?

அத்தை என்னை முறைத்தார். பொம்மை மாடு பூட்டிய ஒரு வண்டியின் முன்னால் நின்றிருந்தோம். கிராமத்துக் காட்சியாம். அம்மா அந்த மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழப்போகிறாள் என்று நான் கிட்டே போனேன்.

"இங்க பாரு, மாட்டுக்குக் காதுல ஜிமிக்கி மாட்டி வுட்டிருக்கானுங்க," என்றாள்.

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அத்தைகூடத் திரும்பிக்கொண்டுதான் சிரித்தார், தோள் குலுங்கியதை வைத்துக் கண்டுபிடித்தேன்.

எங்கள் குழுவுக்குக் கைடாக வந்தது ஒரு சீனப் பெண். என் வயதுதான் இருக்கும். கையில் ஒரு கொடி, இன்னொரு கையில் ஒலிபெருக்கி. பார்க்கில் எல்லாருக்கும் அந்த வாரம் சேலைதான் சீருடை போலிருக்கிறது. ஆரஞ்சு நிறச் சேலையை வலது தோளில் போட்டு, கொசுவத்தைப் பக்கவாட்டில் செருகி, அடியில் ஓட்டப்பந்தயச் சப்பாத்து போட்டிருந்தாள். நாலு அடி நடந்தால் சேலை மூன்று அங்குலம் இறங்கியது. அவள் ஒரு கையால் சேலையைப் பிடித்துக்கொண்டு, தீபாவளி ஒளியின் பண்டிகை, விளக்கின் வெளிச்சம் எல்லாருக்கும் பொது என்று எழுதிக்கொடுத்ததை மனப்பாடமாக மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அம்மாவால் தாங்க முடியவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் கழிவறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். நாங்களும் பின்னால் போனோம். அம்மா முழுச் சேலையையும் உருவி, இடது தோளுக்கு மாற்றி, கொசுவம் வைத்துச் செருகினாள். எவ்வளவு வேகமான கை. கடைசியில் தோளில் ஊக்குக் குத்த வேண்டும். அம்மாவின் கை வழக்கம்போலத் தன் நெஞ்சுக்குப் போனது. எங்கள் பெண்கள் ஊக்கைத் தாலிச் சங்கிலியில்தான் கோத்து வைத்திருப்பார்கள், அவசரத்துக்கு உதவும். அங்கே சங்கிலி இல்லை. கை வெறும் துணியைத் தடவிவிட்டு நின்றது.

அத்தை தன் தாலியிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். அதையும் நான் சொல்லியாக வேண்டும். அந்த ஒரு நிமிஷம் அத்தைமேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அதன் பிறகு கைடு அம்மாவை விடவே இல்லை. ஆண்ட்டி ஆண்ட்டி என்று கூடவே கூட்டிக்கொண்டு நடந்தாள். ஆடும் கப்பலில் அம்மாவையும் அத்தையையும் முதல் வரிசையில் ஏற்றிவிட்டாள். கீழே நின்றபோது வாய் கிழியப் பேசிய அத்தை, கப்பல் மேலே போனதும் முருகா முருகா என்று கத்திக்கொண்டு அம்மாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இறங்கி வந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் கையை விடவில்லை. அம்மாவின் தலைமுடியெல்லாம் கலைந்திருந்தது. அவள் முகத்தில் எங்கள் பாசார் அம்மா வந்திருந்தாள். இனிப் பின்னறை இல்லை என்று எனக்கு நம்பிக்கையே வந்துவிட்டது.

டூரின் கடைசி இடம் ஒரு பெரிய மண்டபம். மேடைமேல் ஆளுயரக் குத்துவிளக்கு, பித்தளை பளபளவென்று. எல்லாக் குழுக்களும் அங்கே கூடியிருந்தன. ஒவ்வொரு நாளும் டூர் முடிவில் விருந்தாளிகளில் ஒருவர் விளக்கேற்றுவது வழக்கமாம். எங்கள் கைடு ஒலிபெருக்கியைத் தூக்கிப் பிடித்து, இன்று நம் விளக்கை ஏற்றப்போவது இந்த ஆண்ட்டி என்று சொல்லி அம்மாவைக் கைகாட்டினாள். கூட்டம் கைதட்டியது. அம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள். கைடு எரிகிற மெழுகுவர்த்தி ஒன்றை அவள் கையில் கொடுத்து மெல்ல முன்னால் தள்ளினாள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் போ என்று தலையசைத்தேன். அவள் முதல் படியில் கால் வைத்தாள், இரண்டாம் படியிலும் வைத்தாள்.

"அவ ஏத்தக்கூடாது," என்றார் அத்தை. "புருசன் செத்து இன்னும் வருசம் திரும்பல."

மெல்லச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. மண்டபத்துக்கே கேட்கச் சொன்னார். பட்டர்வொர்த் பெண்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். கப்பலில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உயிர்ப்பிச்சை கேட்ட அதே அத்தை.

கைடுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னவென்று என்னிடம் கேட்டாள். தமிழில் கேட்டதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. என் அப்பா இறந்துவிட்டார், அதனால் அம்மா விளக்கு ஏற்றக்கூடாது என்கிறார்கள் என்றேன். ஐயோ பாவம் என்றாள், உண்மையாகவே வருத்தப்பட்டாள். பிறகு, சரி, அதற்கும் விளக்குக்கும் என்ன என்றாள். நான் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் முழுவதையும் தேடிப்பார்த்தேன். தமிழில் தேடினாலும் அதற்குப் பதில் இருந்திருக்காது.

அதற்குள் டை கட்டிய ஒருவர் வந்தார். பார்க்கின் அதிகாரி, நம் தமிழ் ஆள்தான். அவரைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்தது. படித்தவர், நாலும் தெரிந்தவர், இதென்ன கூத்து என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"எதுக்கும்மா வம்பு, நல்ல நாளு," என்றார் அவர். "சுமங்கலியா ஒருத்தவங்க ஏத்திட்டுப் போவட்டும் லா."

சொல்லிக்கொண்டே அம்மாவின் கையிலிருந்த எரிகிற மெழுகுவர்த்தியை எடுத்தார். பிடுங்கவில்லை, மரியாதையாகத்தான் எடுத்தார். அதை அத்தையிடம் கொடுத்தார். அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மேடை ஏறினார். ஐந்து திரியையும் ஏற்றினார். எல்லாரும் கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள். வெளிச்சம் எல்லாருக்கும் பொது என்று ஒலிபெருக்கியில் யாரோ மறுபடியும் சொன்னார்கள். அம்மா இரண்டாம் படியிலேயே ஒதுங்கி நின்றாள், அத்தையின் சேலை தன்மேல் படாதபடிக்கு. அந்த ஆளின் டையைப் பிடித்து இழுத்து அந்த விளக்கிலேயே கொளுத்த வேண்டும் போல இருந்தது எனக்கு. இத்தனை வருஷம் கழித்தும் டை கட்டிய தமிழர் யாராவது சமாதானம் பேச வந்தால் எனக்கு அந்த மெழுகுவர்த்திதான் ஞாபகம் வருகிறது.

அத்தை இறங்கி வந்தார். முகத்தில் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் கூச்சம். அம்மாவின் தோளைத் தொட்டு, மனசில் வைத்துக்கொள்ளாதே, உன் நல்லதுக்குத்தான் சொன்னேன் என்றார். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையை அழுத்தினாள். எட்டு மாதமாக அத்தை சொன்ன எதற்கும் ஒரு வார்த்தை பதில் பேசாதவள், குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"அக்கா, அவரு செத்துக் கெடந்தப்ப தலைமாட்டு வெளக்க என்னையத்தான் ஏத்தச் சொன்னீங்க. பதினாறு நாளும் அது அணையாம எண்ணெ ஊத்துனது நான்தான். அப்ப மட்டும் இந்தக் கை ஆவுச்சா?"

அத்தையின் கை அவரையறியாமல் தாலிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டது. தலையாட்டிய பட்டர்வொர்த் பெண்களும் தரையைப் பார்த்தார்கள். கைடு ஓடிவந்து மன்னிப்புக் கேட்டாள், எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. தோளிலிருந்த ஊக்கைக் கழற்றித் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள். அம்மா அதைச் சரியாகக் குத்திவிட்டு, நீயே வைத்துக்கொள், இல்லாவிட்டால் வீடு போய்ச் சேரும்வரை சேலை நிற்காது என்று மலாயில் சொன்னாள்.

திரும்பி வரும்போது அம்மா தூங்காமல் ஜன்னலுக்கு வெளியே இருட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அத்தை பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். நான்தான் கொதித்துக்கொண்டு வந்தேன். அம்மாவை வெளியே கொண்டுவருகிறேன் என்று போய், நூற்றுக்கணக்கான பேர் முன்னால் ஒதுங்கி நிற்க வைத்துக் கூட்டிவருகிறேனே என்று நினைக்க நினைக்க அழுகையாக வந்தது. இனி அந்தக் கதவு திறக்கவே திறக்காது என்று முடிவு கட்டிவிட்டேன்.

லீவு முடிந்து வேலைக்குப் போகிற காலை. குளித்து முடித்து வந்தால் மேசைமேல் டப்பா இல்லை. பின்னறைக் கதவு திறந்திருந்தது. அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள், கையில் என் டப்பா. சாம்பல் சேலைதான், பொட்டும் இல்லை. கிரில்லைத் திறந்தாள். திறந்துவிட்டு அங்கேயே நிற்கவில்லை, எனக்கு முன்னால் படியிறங்கினாள்.

"லைட்டு கெட்டுப்போச்சு, படியப் பாத்து வா," என்றாள்.

இரண்டாம் மாடியில் மாமா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மாமா என்றால் அத்தையின் கணவர், துறைமுகத்தில் வேலை. கையில் ஹெல்மெட். பின்னால் வாசற்படியில் அத்தை. அம்மா நேராகப் போய் மாமாவின் எதிரே நின்றாள். வழி விடவில்லை, ஒதுங்கவில்லை.

"வேலைக்கா அண்ணே? போயிட்டு வாங்க," என்றாள்.

அப்பா இருந்தபோது தினமும் சொன்ன வார்த்தைதான். மாமாவும் பழைய நினைப்பில் வர்றேன் தங்கச்சி என்று சொல்லிவிட்டு இறங்கினார். அத்தை கிரில்லைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார். கீழே மாமாவின் பழைய மோட்டார் சைக்கிள் வழக்கம்போல உதை மேல் உதை வாங்கியது. ஒவ்வொரு உதைக்கும் அத்தை அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் அத்தையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டி கிளம்பியது. அம்மா என்னோடு கீழே வந்து, டப்பாவைக் கையில் கொடுத்து, பாக்டரி பஸ் முனை திரும்பும்வரை நின்றாள்.

அன்று தைத்த சட்டையில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக இரண்டாம் மாடிக்குத்தான் ஏறினேன். அத்தை வீட்டுக் கதவு திறந்திருந்தது. மாமா கால்மேல் கால் போட்டுக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் காப்பி இருந்தது. அத்தை வாசலுக்கு வந்து என்ன வேண்டும் என்பதுபோல நின்றார்.

"மாமா நல்லபடியா வந்து சேர்ந்துட்டாரா அத்தை?" என்று கேட்டேன்.

கண் முன்னால் உட்கார்ந்திருக்கிற மனுஷனைப் பற்றி வேண்டுமென்றேதான் கேட்டேன். அத்தை மாமாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மேலே எங்கள் வீட்டிலிருந்து மீன் பொரிக்கிற வாசனை வந்தது. அன்று பாசாருக்கு நான் போகவில்லை.